சுவாஹிலிச் சொற்களும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும்

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் உருவாகி, இன்று தான்சானியா, கென்யா முதலிய நாடுகளில் கோடிக்கணக்கானோர் பேசும் சுவாஹிலியைக் கற்கத் தொடங்குவோருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சொற்பட்டியலே. அதில் சுவாஹிலிச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலப் பொருள் இருக்கும். அக்கறையோடு தொகுக்கப்பட்டதாயின், கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். விரைந்து படிப்போர் தாண்டிச் செல்லும் அந்த வாக்கியமே இம்மொழியைப் பொறுத்தவரை முதன்மையானது; அது இல்லாத பட்டியலை முழுமையாக மனப்பாடம் செய்தவராலும் பிழையின்றி ஒரு வரி பேச இயலாது.

இதற்குக் காரணம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. பாண்டு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து, ஒருமைக்கு ஒன்றும் பன்மைக்கு ஒன்றுமாக முன்னொட்டுகளைப் பெறுகின்றன. மனிதன் ‘ம்ட்டு’, மனிதர்கள் ‘வாட்டு’. எண்ணையும் பாலையும் சொல்லின் இறுதியில் காணப் பழகிய தமிழர் இங்கே சொல்லின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வகுப்பின் அடையாளம் பெயரோடு நின்றுவிடாமல் எண்ணுப்பெயர், பெயரடை, வினை என வாக்கியம் முழுவதும் பரவுகிறது. இலக்கண நூலார் இதனை இயைபு என்பர். ‘கிட்டாபு கிமோஜா கிமெஆங்கூக்கா’ என்றால் ஒரு புத்தகம் விழுந்துவிட்டது என்று பொருள். இரண்டு புத்தகங்களானால் ‘விட்டாபு விவிலி விமெஆங்கூக்கா’ என்று மூன்று சொற்களின் முதலசையும் மாறிவிடும். இவ்வாறு படித்த ‘விமெஆங்கூக்கா’வை அகராதியின் வி வரிசையில் தேடுபவர் ஏமாற்றமே அடைவார்; வி என்ற முன்னொட்டையும், செயல் நிறைவுற்றதைக் காட்டும் மெ என்ற இடைநிலையையும் நீக்கி, ‘ஆங்கூக்கா’ என்ற அடியைத் தேடினால்தான் பொருள் கிட்டும்.

‘கிட்டாபு’, தமிழ் முஸ்லிம்கள் கிதாபு என்று வழங்கும் அதே அரபுச் சொல்லாகும். அதன் முதலசை அரபு வேரின் ஒரு பகுதியே. ஆயினும் சுவாஹிலி அதனைத் தன் முன்னொட்டாகவே கொண்டு பன்மை அமைத்துக்கொண்டது. இடப்புறம் செல்க என்னும் ஆங்கிலச் சாலை அறிவிப்பிலிருந்து, ரவுண்டானாவைக் குறிக்க வந்த ‘கிபிலெஃப்டி’யும் அவ்வாறே பன்மையில் ‘விபிலெஃப்டி’ ஆகிறது. வேற்றுமொழிச் சொல்லைக் கடன்பெற்றதாக மட்டும் விட்டுவைக்காமல், தன் இலக்கணத்துக்கு முழுமையாக உட்படுத்திக்கொள்ளும் இத்தெளிவு போற்றத்தக்கது.

எடுத்துக்காட்டு வாக்கியத்தின் தேவையை மிகத் தெளிவாக உணர்த்துவது ‘கிஃபாரு’ என்னும் சொல். இது காண்டாமிருகத்தையும் குறிக்கும், போர்க்களத்து டாங்கியையும் குறிக்கும். ‘கிஃபாரு அமெலாலா’ என்றால் விலங்கு உறங்கிவிட்டது. ‘கிஃபாரு கிமெஹரிபீக்கா’ என்றால் டாங்கி பழுதாகிவிட்டது. வடிவத்தால் இரண்டும் ஒரே வகுப்பாயினும், விலங்கு உயிருடையதாகையால் அதன் வினை மனிதருக்குரிய அ என்ற முன்னொட்டை ஏற்கிறது. இயந்திரமோ கி என்பதையே ஏற்கிறது. தமிழ் இலக்கணம் விலங்கைக் கல்லோடும் மரத்தோடும் அஃறிணையில் வைக்க, சுவாஹிலி இயைபில் அதனை மனிதரோடு சேர்த்துவிடுகிறது. இவ்வேறுபாட்டைப் பொருள் தரும் பத்தி எத்தனை ஆங்கிலச் சொற்களை அடுக்கினாலும் காட்ட முடியாது. இரண்டு சொல் வாக்கியம் ஒன்று காட்டிவிடுகிறது.

சொல்லுக்குச் சொல் பொருள் அறிந்தும் தவறிப்போகும் இடங்களும் உண்டு. ‘சா’ என்பது மணி, ‘மோஜா’ என்பது ஒன்று. ஆயினும் ‘டுட்டாஓனானா சா மோஜா அசுபூஹி’ என்று ஒருவர் சொன்னால் காலை ஏழு மணிக்குச் சந்திப்போம் என்பதே பொருள். நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்நிலத்தில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கே கதிரவன் எழுவதால், அதிலிருந்து ஒரு மணிநேரம் கழிந்ததே அவர்களுக்கு முதல் மணி. கதிரவன் உதித்தது முதல் நாழிகை எண்ணிய பழைய தமிழ் வழக்கம் இம்முறைக்கு மிக அணுக்கமானது. மேலும் அவ்வாக்கியத்தின் முதற்சொல்லிலேயே நாம், எதிர்காலம், காண்டல், ஒருவரை ஒருவர் என்னும் நான்கு கூறுகளும் அடங்கியுள்ளன.

மொம்பாசாவுக்கு 1844இல் வந்த ஜெர்மானியச் சமயப் பணியாளர் ஜோஹன் லுட்விக் கிராஃப் தொகுத்த சுவாஹிலி அகராதி அவர் மறைந்த பின் 1882இல் லண்டனில் வெளியாயிற்று. அவர் பதிவுசெய்தது மொம்பாசா வழக்கு. 1928இல் அந்நகரிலேயே நடந்த மாநாடோ சன்சிபார் நகர வழக்கையே பொதுமொழிக்கு அடிப்படையாகத் தேர்ந்தது. அதன்பின் 1930இல் அமைந்த மொழிக்குழுவின் சார்பில், ஃபிரெடெரிக் ஜான்சனின் உழைப்பால் உருவான சுவாஹிலி–ஆங்கில அகராதி 1939இல் வெளிவந்தது. ஒரு வினையடியிலிருந்து கிளைக்கும் சொற்களை அவ்வடியின் கீழேயே தொகுத்த அம்முறையில், படித்தல் என்னும் ‘சோமா’வை அடுத்தே படிப்பித்தல் என்னும் ‘சோமேஷா’வையும் காணலாம்; தேடுவோருக்குக் கடினமாயினும், சொற்களின் உறவைக் காட்டுவதில் அது அகரவரிசையினும் மேலானது.

தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் சுவாஹிலி ஆய்வு நிறுவனம் 1981இல் வெளியிட்ட அகராதியில் ஆங்கிலப் பத்தியே இல்லை. பொருள் விளக்கமும் சுவாஹிலியிலேயே அமைந்தது. வெளியார் கற்பதற்கென்று தொடங்கிய அகராதிப்பணி, அம்மொழியையே பேசுவோரின் தேவைக்கு உரியதாக அந்நூலில் மாறிற்று.