ராத்திரி மட்டும் மக்கர்!

லினக்ஸ்ல 'டேட்'னு அடிச்சா தேதி வரும். இதுல என்ன பாஸ் பிரச்னை? இருக்கே!

நான் இன்டர்ன்ஷிப் போகும் ஆபீஸில், தினமும் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடுக்க வேண்டிய சர்வர் 9 நாளாக எதையும் எடுக்கவில்லை. உள்ளே ஒரு மருந்துக் கடையின் மொத்தக் கணக்கு. டிஸ்க் போயிருந்தால் அம்பேல்! ஃபைல் பெயரோடு தேதியைச் சேர்க்கும் ஒற்றை வரி கமாண்ட்தான் அது. கையால் அடித்தால் சமர்த்தாக ஓடுகிறது.

முதல் சந்தேகம் வழக்கமான ஆசாமிகள் மேல். சின்ன எம் என்றால் மாதம், பெரிய எம் என்றால் நிமிடம். மாத்திப் போட்டா 47-ம் மாசமெல்லாம் பிறக்கும்! பிளஸ் குறிக்குப் பிறகு ஸ்பேஸ் விட்டாலும் எர்ரர். ம்ஹூம், ரெண்டும் இல்லை.

வில்லன், சதவிகிதக் குறி! யாரோ ஸ்கிரிப்ட்டில் இருந்த வரியை நேராக கிரான்டேப்பில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே சதவிகிதக் குறி வந்தால் 'வரி முடிஞ்சுது' என்று அர்த்தம். கமாண்ட் பாதியில் அறுந்துபோகும். தேதி ஃபார்மட்டோ அந்தக் குறி இல்லாமல் நகராது! எர்ரரை மெயிலில் சொல்லப் பார்த்திருக்கிறது கிரான், பாவம். அந்த சர்வரில் மெயில் வசதியே கிடையாது.

ஒவ்வொரு குறிக்கு முன்னாலும் ஒரு பேக்ஸ்லாஷ். அவ்வளவுதான் வைத்தியம். "அப்படியே வருஷம்-மாசம்-நாள்னு மாத்திடலாம்ணா, ஃபைலெல்லாம் வரிசையா நிக்கும்" என்றேன். சீனியர் அண்ணா தலையாட்டினார்.

மறுநாள் காலை ஃபைல் வந்திருந்தது. வெறும் ஜீரோ பைட்டாக இருக்குமோ என்று திறந்தும் பார்த்துவிட்டேன். கணக்கு பத்திரம்!