வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரைத் திருவிழா நாளன்றே முதன்முதலாக வீதிக்குக் கொணர்வதில்லை. அச்சு பாரம் தாங்குகிறதா, சக்கரம் வளைவில் திரும்புகிறதா என்று முன்னதாகவே வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது மரபு. பலர் கூடி ஆக்கும் திறமூல மென்பொருளுக்கும் வெளியீட்டிற்கு முன் வெள்ளோட்டம் உண்டு. அதற்கு வடம் பிடிப்போர் தன்னார்வலர்.

எவரும் பார்க்கலாம், எவர் பார்ப்பர்?

திறமூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆயினும், கதவு திறந்திருப்பதாலேயே உள்ளே வந்து எவரேனும் பார்த்துவிடுவர் என்று நம்புதல் தவறு. இணையத் தகவல் பரிமாற்றத்தைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல மென்பொருளின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு வழு இடம்பெற்றது. கடவுச்சொற்களையும் கசியவிடத்தக்க அவ்வழு, 'ஹார்ட்பிளீட்' என்னும் பெயரோடு உலகிற்குத் தெரியவந்தது 2014 ஏப்ரலில்தான். ஈராண்டுகள் நிரல் திறந்தே கிடந்தது. வழுவும் உடன் கிடந்தது. திறந்தநிலை ஒரு வாய்ப்பு மட்டுமே. அதனைப் பயனாக்குவது ஒழுங்கமைந்த உழைப்பு.

காலமும் களமும்

அவ்வொழுங்கிற்கு லினக்ஸ் நல்ல சான்று. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் கருப்பகுதி, ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. முதல் இரு வாரங்களில் புதிய மாற்றங்கள் சேர்க்கப்படும். அதன்பின் அவ்வாயில் அடைக்கப்படும். வாரந்தோறும் ஒரு முன்வெளியீடு வரும். வழு களைதலே அப்போது முதன்மைப் பணி.

அலுவலகப் பணிகளுக்கான லிபரே ஆபிஸ் மென்பொருளோ, வெளியீட்டிற்கு முன் 'வழு வேட்டை' நாளைக் குறித்துத் தன்னார்வலரை அழைக்கிறது. முன்வெளியீட்டை, நாம் அன்றாடம் பயன்படுத்தும் பதிப்பைத் தொடாமல் தனியே நிறுவிக்கொள்ளலாம். சோதிப்பவரின் கோப்புகளுக்கு ஊறு நேராமற் காப்பது அழைப்பவரின் முதற்கடமை. இன்னதைச் சோதியுங்கள் என்று பணியைப் பகுத்துத் தருவது அடுத்த கடமை. 'எல்லாவற்றையும் பாருங்கள்' என்று சொன்னால் எதையும் எவரும் முழுமையாகப் பாரார்.

சொல்லும் முறை

'சரியாக இயங்கவில்லை' என்னும் அறிக்கையால் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தபோது நேர்ந்தது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது ஆகிய ஐந்தையும் கூறவேண்டும். அதே படிகளைப் பின்பற்றி மற்றொருவரும் அவ்வழுவைக் காண இயலவேண்டும். அவ்வாறு எழுதியவருக்கு மறுமொழி அளிப்பது நிரலரின் கடன். ஊதியம் பெறாது உழைப்பவர், தம் சொல் செவிசாய்க்கப்படவில்லை எனில் மறுமுறை வாரார்.

தமிழறிந்த கண்

சில வழுக்கள் நிரல் வல்லாருக்கும் புலப்படா. ஒருங்குறியின் எண்வரிசையில் 'ன' என்பது 'ய' என்பதற்கு முன்னே நிற்கிறது. தமிழ் நெடுங்கணக்கிலோ அதுவே இறுதி மெய். எண்வரிசையை மட்டும் பின்பற்றும் மென்பொருள் 'கனி'யை முதலிலும் 'கயல்' என்பதைப் பின்னரும் அடுக்கும். தமிழறியாதவருக்கு அப்பட்டியல் குறையற்றதாகவே தோன்றும். 'கொ' என்பதில் ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டிய குறிகள் இடம்மாறினாலும் அவர் அறியார். அகரவரிசை கற்ற மாணவரோ கண்டவுடன் பிழையைச் சுட்டுவார்.

வெளியீட்டிற்கு முன் அவர் சுட்டினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். சுட்டாவிடின், தமிழில் எழுதுவோர் கணினிதோறும் அப்பிழை சென்று சேரும். நிரல் எழுத அறியாதவருக்கும் இவ்வெள்ளோட்டத்தில் இடமுண்டு. தம் மொழியை நன்கு அறிந்திருத்தலும் பொறுமையோடு பார்த்தலும் அதற்குரிய தகுதிகள்.