இரண்டு அம்புக்குறி

மிக்ஸி ஓடும்போது மூடியைத் திறந்தால் சட்னி முகத்தில் தெறிக்கும். கிரைண்டர் சுற்றும்போது கையை விட்டால் விரல் போகும். இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் செல்போனை எங்கே தொட்டால் எது தெறிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெறித்த பிறகுதான் தெரிந்தது. தெறித்ததோ சட்னியல்ல, என் கூடப்பிறந்த அண்ணனின் உறவு!

நான் பத்தாவது வரை படித்தவள். மதுரையில் குடித்தனம். 2019-ல் என் மகன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு செல்போன் வாங்கித் தந்தான். அதுவரை நான் வைத்திருந்தது பட்டன் போன். பேசினால் கேட்கும், அவ்வளவுதான். புதுப் போனில் சமையல், கோலம், கோயில், அரசியல் என்று எல்லாம் வந்து கொட்டியது. மத்தியானம் அரை மணி தலை சாய்க்கிற வழக்கம் போயே போச்சு. "அடுப்புல பால் பொங்குறது தெரியல, அதுல என்ன பொங்குதோ!" என்பார் என்னவர்.

எங்கள் பிறந்த வீட்டு உறவுக்காரர்கள் இருபத்து மூன்று பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். காலை வணக்கப் பூக்கள், பேரன் பேத்திகளின் படம், யார் வீட்டில் விசேஷம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

2024 பாராளுமன்றத் தேர்தல் வந்தது. நம் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை ஓட்டுப் பதிவு. அதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு ஒரு செய்தி வந்தது. "வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கவலை வேண்டாம். ஆதார் அட்டையைக் காட்டி, சட்டப் பிரிவு இன்னது என்று சொல்லி, 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும். எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று இருந்தது. பிரிவு எண் எல்லாம் போட்டிருந்ததால் வக்கீல் எழுதியது போலவே இருந்தது. செய்தியின் தலையில் சின்னதாக இரண்டு அம்புக்குறி. அது ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

நல்ல விஷயமாயிற்றே என்று குடும்பக் குழுவில் போட்டேன். அதோடு விட்டேனா? எங்கள் தெருவில் பூ விற்கிற அக்காவிடமும் வாசித்துக் காட்டினேன். வீடு மாறியதில் பட்டியலிலிருந்து அவர் பெயர் விட்டுப்போயிருந்தது. "பொறந்ததுலேருந்து ஒரு ஓட்டை விட்டதில்ல தாயி, இந்தத் தடவை இல்லாமப் போச்சே" என்று புலம்பிக்கொண்டிருந்தவர், என் வார்த்தையைக் கேட்டு முகம் மலர்ந்து போனார்.

அன்று ராத்திரி குழுவில் அண்ணன் எழுதினார். அவர் அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் வேலைக்குப் போய்ப் பழகியவர். "இது முழுப் பொய். படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்கள் எதையும் அனுப்பாமல் இருப்பது நாட்டுக்கு நல்லது."

இருபத்து மூன்று பேர் பார்க்க அப்படி எழுதிவிட்டார்! 'படிக்கத் தெரியாதவள்' என்பது என் புண்ணில் குத்தியது போலிருந்தது. அப்பாவுக்கு ஒருவரைத்தான் காலேஜுக்கு அனுப்ப வசதி இருந்தது. அண்ணன் போனார். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. அதைப் பற்றி ஒரு நாளும் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் அன்று வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லையே, விரல் போதுமே! "என் படிப்பை நிறுத்தித்தானே உங்களைப் படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பை என்னிடமே காட்ட வேண்டாம்" என்று தட்டிவிட்டேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும்? சித்தப்பா மகன் ஒருவன் எனக்குப் பரிந்து வந்தான். மதினியின் தம்பி அண்ணனுக்குப் பரிந்து வந்தார். இரண்டு பேரும் வெவ்வேறு கட்சி. ஓட்டுச் சாவடியில் தொடங்கியது கட்சிச் சண்டையாகி, பழைய நகை, சீர் செனத்தி வரைக்கும் போனது. நான் குழுவை விட்டு வெளியேறினேன். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை; படபடவென்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தேர்தலன்று உச்சி வெயிலில் பூக்கார அக்கா ஓட்டுச் சாவடியிலிருந்து திரும்பி வந்தார். ஆதார் அட்டையை நீட்டி, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டிருக்கிறார். "லிஸ்ட்ல பேர் இல்லாம ஓட்டுப் போட முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ சொன்னியேன்னுதான் போனேன் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் எழுதியதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே!

பதினைந்து மாதம் நாங்கள் பேசவில்லை. 2025 பொங்கலுக்கு அண்ணன் சீர் கொடுத்தார். எப்படி? போன் வழியாகப் பணம் வந்து விழுந்தது, 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு! வருஷா வருஷம் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்துமாக வாசலில் வந்து நின்று, "பாப்பா" என்று கூப்பிடுகிற அண்ணன்! அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை.

அம்மாதான் வழி செய்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. "ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல அப்பாவுக்குத் திதி கொடுக்கணும். ரெண்டு பேரும் கூட வரணும். ரயில்லதான் போகணும். கல்யாணமான புதுசுல உங்கப்பா என்னை அந்தப் பாலத்துல கூட்டிட்டுப் போனாரு" என்று பிடிவாதம் பிடித்தார். 1914-ல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்ததும் அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது.

ஜூலை 24, 2025 ஆடி அமாவாசை. அதற்கு முதல் நாள் மதுரையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஏறினோம். நானும் அண்ணனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். புளியோதரைப் பொட்டலத்தை அம்மா வழியாகத்தான் கைமாற்றிக்கொண்டோம்! இருவர் கையிலும் செல்போன். பார்க்க எதுவும் இல்லாவிட்டாலும் தலை குனிந்து தள்ளிக்கொண்டே இருந்தோம். மண்டபம் தாண்டியதும் அம்மா அதட்டினார். "ரெண்டையும் உள்ள வைங்க. பாலம் வருது."

வைத்தோம். ரயில் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல், பச்சையும் நீலமுமாக. பக்கத்திலேயே நூறு வயது தாண்டிய பழைய பாலம் துருப்பிடித்து நின்றது. புதுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கப்பல் வந்தால் பழைய பாலம் நடுவில் பிளந்து இரண்டு கையையும் தூக்குகிற மாதிரி திறக்கும். புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே லிஃப்டு போல 17 மீட்டர் மேலே போகிறது. இதையெல்லாம் அண்ணன்தான் சொன்னார். பேரனுக்குச் சொல்கிற மாதிரி, எனக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். நானும் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை அக்னி தீர்த்தக் கரையில் ஒரே கூட்டம். அண்ணன் எள்ளும் தண்ணீரும் இறைத்து, அப்பா பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஈர வேட்டியோடு கரையேறி வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பா, அன்னைக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது. நீ எதிர்ல இருந்திருந்தா எனக்கு அந்த வார்த்தை வந்திருக்காது."

எனக்குத் தொண்டை அடைத்தது. "அண்ணே, நீங்க எழுதினது தப்புதான். ஆனா சொன்னது சரி" என்று ஆரம்பித்து, பூக்கார அக்கா கதையை முதல் தடவையாகச் சொல்லி அழுதேன்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். 2019 தேர்தலிலும் இதே செய்தி சுற்றியதாம். அவர் வேலை பார்த்த சாவடியில் ஒரு பெரியவர் போனை நீட்டிச் சண்டை போட்டு, கடைசியில் அழுதுகொண்டே போனாராம். "அவர் முகம் மனசுல இருந்துச்சு. அந்தக் கோபத்தை உன்மேல கொட்டிட்டேன்" என்றார். இந்த ஒரு வரியை அன்றே அவர் போட்டிருந்தால், அல்லது நான்தான் போன் பண்ணி "ஏண்ணே பொய்ங்கிறீங்க?" என்று கேட்டிருந்தால், பதினைந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

கரையில் உட்கார்ந்தே அண்ணன் பாடம் நடத்தினார். உங்களுக்கும் உபயோகப்படும், கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. பெயர் இருந்து வாக்காளர் அட்டை கையில் இல்லையென்றால், ஆதார் போன்ற வேறு அடையாள ஆவணத்தைக் காட்டலாம். 'சேலஞ்ச்' என்பது வேறு சமாச்சாரம். ஓட்டுப் போட வந்தவர் அந்த ஆள்தானா என்று சாவடியில் இருக்கிற கட்சி ஏஜெண்டு ஆட்சேபிப்பது. நம் பெயரில் வேறு யாரோ முன்பே ஓட்டுப் போட்டிருந்தால் நமக்குத் தனியாக ஓட்டுச் சீட்டு தருவார்கள். அதற்கும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறினால் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். தேர்தல் வந்த பிறகு ஓடுவதில் பிரயோஜனமில்லை. முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டு அம்புக்குறி? ஒரு செய்தி கை மாறிக் கை மாறி, குறைந்தது ஐந்து கை தாண்டி வந்திருந்தால் வாட்ஸ்அப் போடுகிற அடையாளமாம் அது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020-லேயே கட்டுப்பாடு கொண்டு வந்துவிட்டார்கள். "எழுதினது யாருன்னே தெரியாதுன்னு அது நமக்குக் காட்டுது. அது அலங்காரம் இல்ல பாப்பா, எச்சரிக்கை" என்றார்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூக்கார அக்காவை உட்கார வைத்துப் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்தார். நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்தார்களே, அப்போதும் பழைய பட்டியலில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க, போனிலேயே எனக்கு வழி சொன்னார். அண்ணன் சொல்லச் சொல்ல நான் தேடினேன். தெருவில் இன்னும் நாலைந்து பேருக்கும் பார்த்துக் கொடுத்தேன். பத்தாவது படித்தவளுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை!

டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. அக்காவின் பெயர் இருந்தது. போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். பிறகு எதுவும் பேசாமல் ஒரு முழம் மல்லிகை கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். காசு நீட்டினேன்; வாங்கவில்லை.

எங்கள் குடும்பக் குழுவில் நானும் மறுபடி சேர்ந்துவிட்டேன். இப்போது எனக்கென்று இரண்டு சட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு அம்புக்குறியோடு வருகிற எதையும் விசாரிக்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. கோபம் வந்தால் எழுதுவதில்லை. போன் போட்டுப் பேசிவிடுகிறேன். குரல் கேட்டால் பாதிக் கோபம் போய்விடுகிறது. மீதிப் பாதிக்கு பஸ் பிடித்து நேரில் போனால் தீர்ந்தது. இந்தப் பொங்கலுக்கு அண்ணன் கரும்போடு வாசலுக்கே வந்துவிட்டார். சீர்ப் பணத்தைப் போனில் அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேனே!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழு இருக்கும். அதில் பேசாமல் ஒதுங்கிப்போன அண்ணனோ, தங்கையோ, நாத்தனாரோ ஒருத்தர் இருப்பார். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அவருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன். எழுத வேண்டாம், பேசுங்கள்.