நாலே நாலு காவல்காரர்கள்

கல்வராயன் மலையில் ஒரு வீடு. பரணில் புளி மூட்டை. தினமும் கொஞ்சம் குறைகிறது, எடுப்பது யார் என்று தெரியவில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் தடுப்பு போட்டு எல்லோரையும் நிறுத்தலாம். ஆனால் திருடன் அந்த வழியாகத்தான் வருவான் என்று யார் சொன்னது? மூட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு ஆளை உட்கார வைத்து, "கை பட்டால் கூப்பிடு" என்று சொல்லிவிடுவது இன்னொரு வழி.

முதல் வழிக்குப் பெயர் மென்பொருள் பிரேக்பாயிண்ட். கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இன்ட் 3' கட்டளையைச் செருகுவது. இரண்டாவது ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட். கெர்னலில் ஒரு மாறி கெட்டுப் போகிறது, கெடுக்கும் வரி எது என்று தெரியவில்லை என்றால் இதுதான் கைகொடுக்கும்.

1985-ல் வந்த இன்டெல் 80386 சில்லிலேயே இது உண்டு. டிஆர்0 முதல் டிஆர்3 வரை முகவரிகள். எழுதினால் மட்டும் கூப்பிடுவதா, படித்தாலுமா, இயக்கினாலா என்பது டிஆர்7-ல். கூப்பிட்டது யார் என்பது டிஆர்6-ல். எத்தனை ஜிபி நினைவகம் இருந்தாலும் காவலுக்கு நாலே நாலு பேர் :-)

நாலு பேரை வைத்துக்கொண்டு கெர்னல் படும் பாடு கொஞ்சமல்ல. ஒரு நிரலைப் பிழைதிருத்தி கவனித்தால், அந்த நிரல் சிபியூவுக்கு வரும்போதெல்லாம் பதிவகங்களை மாற்றியாக வேண்டும். கெர்னல் மாறி என்றால் எந்த சிபியூவும் எழுதலாம், எனவே எல்லா சிபியூவிலும் ஆள் போட வேண்டும். லினக்ஸில் இந்தப் பங்கீட்டுக்கு 2007-ல் ஆலன் ஸ்டெர்ன் அடித்தளம் போட்டார். ஐபிஎம்மின் கே.பிரசாத் அதை 2009-ல் முன்னெடுக்க, ஃபிரெடரிக் வைஸ்பெக்கர் பெர்ஃபுடன் இணைத்தார். 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33-ல் அது இடம்பெற்றது. மூவர் பெயரும் மூலக்கோப்பின் தலைப்பில் இன்றும் இருக்கின்றன.

ஒரு நுணுக்கம். தரவுக் காவலன் எழுதி முடிந்த பிறகுதான் கூவுவான். பழைய மதிப்பு போயே போச்சு. கட்டளைக் காவலனோ இயங்குவதற்கு முன்பே கூவுவான். அவனிடம் "இந்த ஒரு முறை விடு" என்று ஆர்எஃப் கொடியை ஏற்றாவிட்டால் அதே கட்டளையில் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

2018 மே மாதம் நிக் பீட்டர்சனும் நெமன்யா முலாஸ்மாஜிச்சும் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். 'மூவ் எஸ்எஸ்' கட்டளை காவலனைத் தொட்டால், கூவல் அடுத்த கட்டளை முடியும்வரை தள்ளிப்போகும். அந்த அடுத்த கட்டளையே கெர்னலுக்குள் நுழையும் 'சிஸ்கால்' ஆக இருந்தால்? கூவல் கெர்னலின் வாசலுக்குள் கேட்கிறது, கெர்னலோ இது நம் வீட்டுச் சத்தம் என்று நம்பிவிடுகிறது. விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் என்று எல்லோரும் ஓடி ஓடி ஒட்டுப்போட்டார்கள். இத்தனை பேரும் ஒரே கையேட்டை ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டதில், கையேட்டின் மேலும் பாதிப் பழி உண்டு.

கூவலைக் கவனிக்கப் போகிற நிரலே இன்னொரு காவலனை மிதித்தால் முடிவில்லாத கூச்சல். அதனால் லினக்ஸ் 5.8-லிருந்து (2020) உள்ளே நுழைந்ததும் டிஆர்7-ஐ அணைத்துவிட்டு, வெளியேறும்போது திரும்ப ஏற்றுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கூரை வழியாக வரும் எலியை இந்தக் காவலன் பார்க்க மாட்டான். நெட்வொர்க் கார்டு டிஎம்ஏ மூலம் நேராக நினைவகத்தில் எழுதினால் சிபியூவுக்குத் தெரியாது. பதிவகம் நாலும் சும்மாவே இருக்கும். அந்தத் திருட்டுக்கு ஐஓஎம்எம்யூவைத்தான் தேடிப் போக வேண்டும்.