கண்ணாடிக்கு அந்தப் பக்கம்



துபாய் போய் வந்ததிலிருந்து எல்லோரும் ஒரே கேள்வி: "புர்ஜ் கலீபா மேல ஏறினீங்களா சார்?" ஏறவில்லை. அதன் காலடியில் இருக்கிற துபாய் மாலில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. இரண்டு வாரத்தில் நான்கு முறை அங்கே போனேன், மூன்று முறை காசு கொடுக்காமல். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி என்றதும் வீட்டு வரவேற்பறையில் குமிழி விடுமே, அதை நினைக்காதீர்கள். இது ஒரு கோடி லிட்டர். 51 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 11 மீட்டர் உயரம். மால் திறந்த 2008-லேயே இதையும் திறந்திருக்கிறார்கள். உள்ளே 48 மீட்டர் நீளக் குகைப்பாதை. அதில் நடந்தால் தலைக்கு மேல் சுறா போகும். அதற்குத்தான் டிக்கெட். ஆனால் கடைகளுக்கு நடுவே, நடைபாதையைப் பார்த்தபடி, 32.88 மீட்டர் அகலத்தில் 8.3 மீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதல் நாள் போனபோது எனக்கு மீன் கண்ணில் படவில்லை, கண்ணாடிதான் பட்டது. நாற்பது வருஷம் இயற்பியல் நடத்தியவனுக்கு வேறு என்ன தெரியும்? சொல்லப்போனால் அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். 75 சென்டிமீட்டர் தடிமன். கண்ணாடியை அவ்வளவு தடிமனில் செய்தால் பச்சை நிறம் அடிக்கும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அக்ரிலிக் துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் ஒன்றாக்கிவிடலாம். நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து ஒட்டைத் தேடினேன். அகப்படவில்லை. காவலாளி மட்டும் என்னை இரண்டு முறை உற்றுப் பார்த்தார்.

ஒன்பதாம் வகுப்பில் அழுத்தம் நடத்தும்போது ஒரு கேள்வி கேட்பேனே, நினைவிருக்கிறதா? கண்மாய்க் கரையைத் தாங்க வைப்பது கண்மாயின் நீளமா, ஆழமா? பாதிப் பேர் நீளம் என்பீர்கள். ஆழம் மட்டும்தான். இந்த ஜன்னலுக்குப் பின்னால் அரபிக்கடல் முழுவதும் நின்றாலும், நீர்மட்டம் அதேதான் என்றால் தடிமன் இதே போதும். ஜன்னலின் மேல் விளிம்பு வரை தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 8.3 டன், மேலே பூஜ்யம், சராசரி 4.15 டன். பரப்பு ஏறத்தாழ 273 சதுர மீட்டர். பெருக்கினால் 1,130 டன் வருகிறது. யானை ஒன்றுக்கு 4 டன் என்றால் 280 யானைகள் இரவும் பகலும் அந்தப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பக்கம் ஒருவர் அதில் சாய்ந்துகொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்.

இது வெறும் கணக்கு இல்லை. 2010 பிப்ரவரியில் இதே தொட்டியில் கசிவு ஏற்பட்டு மாலின் ஒரு பகுதியிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள். பெர்லினில் ஒரு ஹோட்டல் கூடத்தின் நடுவே அக்வாடோம் என்று பத்து லட்சம் லிட்டர் கொண்ட உருளைத் தொட்டி இருந்தது. 2022 டிசம்பர் 16, விடியுமுன் வெடித்துவிட்டது. ஏறத்தாழ 1,500 மீன்கள் இருந்தன, பெரும்பாலானவை செத்தன. மனிதர்களில் இரண்டு பேருக்குச் சிறு காயம். பகலில் நடந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி வீட்டில் நடந்த சண்டைக்கு வருகிறேன். என் பேத்திக்கு 11 வயது. உள்ளே போக டிக்கெட் எடுக்கலாமா என்றதும், "வேணாம் தாத்தா, அது மீனுக்கு ஜெயில்" என்றாள். "உன் பாட்டி மீன் குழம்பு வைக்கும்போது இந்தப் பேச்சு வரலையே" என்று மகன் சிரித்தான். "சாப்பிடறது வேற, பூட்டி வச்சு வேடிக்கை பாக்கறது வேற." மருமகள் அவளை அதட்டப் பார்த்தாள். விடும்மா, பேசட்டும் என்றேன். வாதம் செய்கிற பிள்ளையை அடக்குவது எனக்கு எப்போதுமே பிடிக்காத காரியம். டிக்கெட் எடுத்து நானும் மகனும் உள்ளே போய் வந்தோம். அவள் வெளியே ஜன்னல் முன் உட்கார்ந்து ஒரு சுறாவைக் குறி வைத்திருந்தாள், முதுகுத் துடுப்பில் வெட்டுத் தழும்பு உள்ளது. "இருபது நிமிஷத்துல ஒம்பது தடவை இதே பக்கமா வந்துச்சு தாத்தா. எண்ணினேன்." கடிகாரம் பார்த்து எண்ணிவிட்டுப் பேசுகிற பிள்ளைக்குப் பதில் சொல்வது சுலபமில்லை.

அவள் சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. பெரிய வெள்ளைச் சுறாவைத் தொட்டியில் வைக்கப் பலர் முயன்று தோற்றார்கள். கலிபோர்னியாவின் மான்டரே பே காட்சியகத்தில் 2004-ல் ஒரு குட்டி 198 நாள் இருந்தது. கூட இருந்த சுறாக்களைக் கொல்ல ஆரம்பித்ததும் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். இன்னும் சிலவற்றை வைத்துப் பார்த்துவிட்டு 2011-க்குப் பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அட்லாண்டாவில் ஜார்ஜியா காட்சியகத்தின் திமிங்கலச் சுறாக்களில் இரண்டு 2007-ல் செத்துப்போயின. நமது நாட்டில் 2001 முதல் வேட்டையாடத் தடை செய்யப்பட்ட மீன் அது. கடல் கடந்து போகிற பிராணியை எவ்வளவு பெரிய தொட்டியில் விட்டாலும் அதற்கு அது வாளிதான். பவளப்பாறை இடுக்கில் வாழ்நாளைக் கழிக்கிற சின்ன மீன்களுக்கு அப்படியில்லை என்பது என் எண்ணம். பேத்தி இதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த விவகாரத்தில் மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. என்னிடம் படித்த மாணவன், கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்தவன், இப்போது துபாயில் வேறொரு கட்டடத்தில் சில்லர் மெக்கானிக். பெயர் வேண்டாம், வெட்கப்படுவான். வார விடுமுறை மாலையில் என்னைப் பார்க்க வந்தான். எங்கே போகலாம் என்றதும், "மால்ல அந்தத் தொட்டிக்குப் போவோம் சார், அறைக்காரப் பயலுகளோட நான் அடிக்கடி போறதுதான்" என்றான். அன்றுதான் கவனித்தேன், ஜன்னல் முன் நிற்பவர்களில் பாதிப்பேர் அவனைப் போன்றவர்கள். நேபாளி, வங்காளி, மலையாளி, நம்மூர்ப் பையன்கள். கையில் கடைப் பை கிடையாது. கண்ணாடியில் முதுகைச் சாய்த்து ஊருக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் வேலை செய்கிற கண்ணால் தொட்டியைப் பார்த்தான். வெளியே 45 டிகிரி அடிக்கும்போது இந்தத் தண்ணீரை 24 டிகிரியில் நிறுத்துவதற்கு சில்லர் ஓய்வில்லாமல் ஓட வேண்டும் என்றான். நான் என் பங்குக்கு, மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுவதைச் சொன்னேன். வகுப்பில் போலவே தலையாட்டினான். பிறகு மீன்களைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தான். களவா, பாறை, திருக்கை. பக்கத்தில் இருந்த பலகை தராத பெயர்கள்.

ஒரு பெரிய திருக்கை எங்கள் முகத்துக்கு நேராக எழும்பி, வெள்ளை அடிவயிற்றைக் காட்டித் திரும்பியது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

"சார், எங்க அப்பா நாப்பது வருசம் கடலுக்குப் போனாரு. திருக்கைய நான் எத்தனையோ பாத்துட்டேன். வள்ளத்துல கெடக்கும், மணல்ல கெடக்கும், ஏலத்துல கெடக்கும். அது போறத நான் பாத்ததே இங்க வந்துதான். நீந்துதுன்னு சொல்ல முடியல சார். பறக்குது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடற்கரைப் பிள்ளைகளுக்கே பாடம் எடுத்தவன் நான். சுற்றுலா என்றால் மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தொட்டிகளைக் காட்டி, அப்படியே பாம்பன் பாலம் போய் வருவோம். வலை வழியாக மட்டுமே கடலைப் பார்த்த வீடு எப்படியிருக்கும் என்று அவன் சொல்லித்தான் கேட்கிறேன்.

திருக்கையை வீடியோ எடுத்து முன்பே அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். ராத்திரி அம்மா கூப்பிட்டு, "உங்கப்பா அதையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருக்காரு, சோறு திங்க வரமாட்டேங்குறாரு" என்றார்களாம். மறுநாள் அவர் கேட்டது இரண்டே கேள்வி. எத்தனை பாகம் ஆழம்? அதுக்குத் தீனி யார் போடுறா?

இதைப் பேத்தியிடம் சொன்னேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அந்தத் தாத்தாவுக்கு வேணா டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். ஆனா ஜெயில் ஜெயில்தான்" என்றாள். இதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: அந்தப் பெரிய ஜன்னலைச் சும்மா பார்க்கும்படி வெளியே வைத்தவர் யாரோ, வியாபாரத்துக்காகவே வைத்திருந்தாலும், நல்ல காரியம் செய்தார். நமது சென்னையில் 1909-லேயே மெரினாவில் கடல் மீன் காட்சியகம் இருந்தது, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் துரை எடுத்த முயற்சி அது. உலகப்போர்க் காலத்தில் மூடியதுதான்.

கிளம்பும் முன் அந்தப் பையன் ஒரு விஷயம் கேட்டான். மகள் ஊரில் பிளஸ் டூ படிக்கிறாளாம், உயிரியல் பிரிவு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சேரலாமா, படித்தால் என்ன வேலை கிடைக்கும், பெண் பிள்ளைக்கு விடுதி எப்படி என்று கேட்கிறாள். தாத்தா கடலுக்குப் போனவர், அப்பா போகவில்லை, இவள் வேறு வழியாகப் போகப் பார்க்கிறாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே படித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் மூன்று பேராவது இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வேலை நேரம் முடிந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் வேண்டாம், தூங்கிவிடுவேன்.