மானிப்பாயிலிருந்து உடுவிலுக்கு

யாழ்ப்பாணப் பட்டணத்தை விட்டு ஆனைக்கோட்டையூடாகச் செல்லும் வீதியிலே, ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் தூரத்தில் மானிப்பாய் இருக்கின்றது. சித்திரைப் புத்தாண்டு நாளில் மருதடிப் பிள்ளையார் தேரேறி வருவதைக் காண, பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு இவ்வூருக்கு வந்து போகாத வலிகாமத்துப் பிள்ளைகள் சிலரே. நாமும் அவ்வாறு வந்து, கச்சான் கடலை வாங்கித் தின்றுகொண்டே வீடு திரும்பியவர்கள்தாம். ஆயினும், அதே ஊரிலே நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை நோய் கண்டாலன்றி எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நோயில்லாத காலத்திலே அதனைப் போய்ப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் எமக்கு வகுப்பறையிலே பிறந்தது.

நாவலர் பெருமானின் வரலாற்றைக் கற்பித்துக் கொண்டிருந்தபோது மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், அந்த அமெரிக்கப் பாதிரிமார் எங்களுக்கு நன்மை செய்தார்களா, தீமை செய்தார்களா?" என்று கேட்டான். வினாத்தாளிலே ஒரு சொல்லில் எழுதத்தக்க விடையை அவன் எதிர்பார்த்தான் போலும். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் இருநூறு ஆண்டுகளாக இந்த வினாவுக்கு இரண்டு விடைகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டே வாழ்ந்து வருகின்றன. மிஷன் பாடசாலையிலே வேதபாடத்துக்குப் பரிசு பெற்று, மாலையில் வீட்டுக்கு வந்து குளித்துத் திருநீறு பூசிக்கொண்ட பாட்டனார்மார் எத்தனை பேர்! அவர்கள் பரிசு நூலை எறிந்துவிடவுமில்லை, திருநீற்றை அழித்துவிடவுமில்லை.

விடுமுறையாக வாய்த்த ஒரு வெள்ளிக்கிழமை, மாணாக்கர் ஐவருடன் புறப்பட்டோம். எமது கலாசாலையிலே கணிதம் கற்பிக்கும் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் வழித்துணையாக வந்தார். அவரது ஊர் உடுவில். மதிய உணவு தமது வீட்டிலேதான் என்று முன்னரே சொல்லி வைத்துவிட்டார்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1816ஆம் ஆண்டிலே இங்கு வந்து, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற பழைய கோயில் வளவுகளைப் பழுதுபார்த்துக் குடியேறினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் மகளிர் பாடசாலை, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை என்பன அடுத்தடுத்துத் தோன்றின. இவற்றைப் பாடநூல்களிலே காணலாம். இங்கு விரிப்பது வேண்டா.

நாம் வைத்தியசாலைக்குள் நுழைந்தபோது வாங்குகளில் அமர்ந்து காத்திருந்தோருட் பலரின் நெற்றியிலே திருநீறு துலங்கியது. வெள்ளிக்கிழமையாதலாற் சிலர் கோயிலுக்குப் போய்விட்டு நேரே இங்கு வந்திருந்தனர். மருந்து கொடுக்குமுன் நோயாளருக்கு வேதவசனம் வாசித்துக் காட்டுவது பழைய மிஷன் வைத்தியசாலைகளின் வழக்கம். வசனத்தையும் கேட்டு, மருந்தையும் வாங்கி, குணமானபின் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர்களே பெரும்பான்மையோர். இதனைக் கண்டு வைத்தியர் மருந்தை நிறுத்திவிடவில்லை என்பதே மாணாக்கருக்கு நாம் முதலிற் சுட்டிக்காட்டிய செய்தி.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயிலே தமது வைத்தியப் பணியை நிலைப்படுத்தினார். இடையிற் சில ஆண்டுகள் தாய்நாடு சென்று மீண்டு, 1873இல் உடல்நலங் குன்றித் திரும்பும்வரை இவ்வூரே அவரது ஊராயிற்று. நோய்க்கு மருந்து கொடுத்த அளவிலே அவர் நின்றிருந்தால், நல்ல வைத்தியர் ஒருவர் வந்து போனார் என்று எழுதி முடித்துவிடலாம். அவரோ, தாம் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க இயலும் என்று எண்ணி, இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேற்பட்டோர்.

தொடக்கத்திலே ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களிலே தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற வைத்தியன் சம்பளத்தையும் பட்டணத்தையும் நாடிப் போவான், தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே தன் அயலாருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பான் என்பது அவரது கணிப்பு. இங்ஙனம் கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமே! தாமும் தம் மாணாக்கருமாக இருந்து அவற்றை ஆக்கினர். 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் அச்சாயின. எலும்புக்கும் நரம்புக்கும் குருதியோட்டத்துக்கும் தமிழ்ச் சொல் தேடி அவர்கள் பட்ட பாட்டை, இன்று விஞ்ஞானம் கற்பிக்கும் எமது சக ஆசிரியர்களே நன்கு உணர்வர். சொல் கிடைத்த இடத்தில் எடுத்துக்கொண்டனர். கிடைக்காத இடத்தில் வடமொழியை நாடினர். அதுவும் உதவாத இடத்தில் ஆங்கிலச் சொல்லுக்கே ஒரு தமிழ் வாலை ஒட்டினர். 'கெமிஸ்தம்' என்னும் பெயரைக் கேட்டு எம்முடன் வந்த மாணாக்கர் வாய்விட்டுச் சிரித்தனர். சிரிக்கட்டும். இரசாயனவியல் என்னும் சொல்லைப் பாடநூலிலே ஆயத்தமாகப் பெற்றுக்கொண்டவர்களுக்குச் சிரிப்பு எளிதே.

இன்னொன்றும் உண்டு. தம்மிடம் கற்ற இளைஞர் வேட்டி சால்வையை விட்டுக் காற்சட்டைக்கும் தொப்பிக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழரைக் கிறிஸ்தவராக்க வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் இறுதிவரை இருந்தது. அதனை அவர் மறைத்ததுமில்லை. ஆனால் தமிழரைத் தமிழரல்லாதவராக்க அவர் எண்ணவில்லை. தாய்நாடு திரும்பிய பின்னரும் நூற்பணியை அவர் கைவிடவில்லை. 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது 1883இலே. அவர் இறந்தது 1884இலே. வூஸ்ரரில் உள்ள அவரது கல்லறையிலே, தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்னும் கருத்துப்பட அவரது விருப்பப்படியே பொறித்திருக்கின்றனர்.

அதே 1822ஆம் ஆண்டிலேதான் நல்லூரிலே ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் மானிப்பாய்க்கு வந்த அதே 1848ஆம் ஆண்டிலேதான் வண்ணார்பண்ணையிலே நாவலரின் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. மெதடிஸ்த மிஷனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையிருந்து பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பிலே உழைத்த நாவலர், அந்த அனுபவத்தோடு வெளியேறித் தம் சமயத்துக்குப் பாடசாலையும் அச்சுக்கூடமும் பாடநூலும் வேண்டும் என்று கண்டுகொண்டார். 1870களின் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்க்க முன்நின்றவரும் அவரே. ஒருவர் சமயத்தை மற்றவர் ஏற்கவில்லை, ஏற்கவும் வேண்டியதில்லை. எனினும், நாவலரின் வசனநடையிலே கற்ற பிள்ளைக்குக் கிறீனின் வைத்திய நூலை வாசிக்க முடிந்தது. கிறீனின் மாணாக்கர் நாவலரின் தமிழ் வழங்கிய ஊர்களிலேதான் மருந்து கொடுத்தனர். மாணாக்கன் கேட்ட வினாவுக்கு ஒரு சொல்லில் விடை எழுதுவது ஏன் கடினம் என்பது இங்கேதான் அவனுக்குச் சிறிது விளங்கியது போலும். குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டான்.

வைத்தியசாலை போர்க்காலத்தின் இடப்பெயர்வுகளிலே நலிவுற்றுப் பின்னர் மெல்ல எழுந்தது. இன்றைய நிலையை நன்கு அறிய விரும்புவோர் பெரியோரோடு சென்று பார்ப்பதே தகும்.

மானிப்பாயிலிருந்து சங்குவேலிப் பக்கமாக உடுவிலுக்குச் செல்லும் பாதை எமது மனத்துக்கு மிகவும் உகந்தது. செம்மண் தோட்டங்களிலே வெங்காயமும் புகையிலையும் மாறிமாறி நிற்கும். துலா மிதித்த காலம் போய் நீர்ப்பம்பிகள் இரைகின்றன. பனைவடலிகளுக்கு அப்பாலே கோபுரம் ஒன்றும், சற்றுத் தள்ளித் தேவாலயக் கூரை ஒன்றும் தெரியும். எது எதற்கு முந்தியது என்று கேட்டுக்கொண்டு எவரும் அவ்வழியே போவதில்லை.

உடுவில் மகளிர் பாடசாலையைத் தொடக்கியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். தமிழ் - ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவியார் இவர். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அம்மையாரின் வீட்டுத் திண்ணையிலே மாரிமழைக்கு ஒதுங்கி, வீடு திரும்ப வழியின்றி அங்கேயே உண்டு உறங்கிய இரண்டு சிறுமியரிலிருந்தே விடுதிப் பாடசாலை தொடங்கியது என்று சொல்வர். பிள்ளைகளைப் படிப்பு முடியும்வரை நிறுத்தி வைப்பதற்காக மிஷன் கையாண்ட வழி வேடிக்கையானது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தனர்! யாழ்ப்பாணத்துத் தகப்பனின் உள்ளத்தை அறிந்தே அவ்வம்மையார் தொழில் செய்திருக்கின்றார். சீதனத்தை ஒழிக்க வேண்டிய சமயம் சீதனத்தைக் கொண்டே நுழைந்ததே என்று எமது நண்பர் தாமாகவே குறைப்பட்டுக்கொண்டார். நாம் மறுமொழி சொல்லவில்லை. எமது பக்கத்திலும் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லையே.

அம்மையார் 1833இல் இறந்தார். அவருக்குப் பின்னர் வந்தோருள் எலைசா அக்னியூ என்பவரை உடுவில் இன்றும் மறக்கவில்லை. 1840இலே வந்தவர், நாற்பதாண்டுகள் அளவு அப்பாடசாலையிலே கற்பித்தார். ஒருமுறையேனும் தாய்நாட்டைப் பார்க்கப் போகவில்லை. முதலிற் கற்றவர்களின் மக்களையும் பேரப்பிள்ளைகளையுங்கூட அவரே கற்பித்தார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொல்லும் வழக்கம் அதனாலே வந்தது. மணமாகிப் போன மாணவியரை வீடுவீடாகச் சென்று பார்த்து, அடுக்களை வாசலில் அமர்ந்து பேசி வருவாராம். இறுதி நாள்களை மானிப்பாயிலே கழித்து 1883இல் இறந்தார். சமயப் பிரசங்கம் செய்தவர்களின் பெயர்களைவிட அடுக்களை வாசலில் அமர்ந்தவரின் பெயரே பெண்களின் வாயில் நின்றிருக்கின்றது.

அயலூரான இணுவிலிலே 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் தொடங்கிய மக்லியொட் வைத்தியசாலையிலே பிறந்த சைவப் பிள்ளைகளுக்குக் கணக்கேயில்லை.

இவ்வளவும் சொன்ன நாம் ஒன்றை மறைப்பது முறையன்று. வேதத்தை ஏற்றவர்களிடையேயும் சாதி போய்விடவில்லை. ஒரே கோயிலிலே முழந்தாளிட்டோர், பெண் கொடுக்கும்போது பழைய வேலிகளையே பார்த்தனர். இதனை எமக்குச் சொன்னவரும் எமது நண்பரே. சைவராகிய நாம் இதனைக் கேட்டு மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. வேலியின் மறுபக்கம் எமது வளவுதான்.

வட்டுக்கோட்டைச் செமினரியின் தொடக்க நாள்களைப் பற்றிய செய்தி ஒன்றை வழியிலே மாணாக்கருக்குச் சொன்னோம். கிறிஸ்தவரின் நிலத்திலே சமைத்ததை உண்ணச் சைவ மாணவர் மறுத்தமையால், சமையற்கூடத்தை மிஷன் வளவுக்கு வெளியே, அயலவரான சைவர் ஒருவரின் காணியிலே அமைக்க நேர்ந்ததாம். படிப்பு ஒரு வளவிலே, சோறு மறுவளவிலே. இப்படிச் சொல்லிக்கொண்டே நண்பரின் வீட்டை அடைந்தோம்.

நண்பரின் தாயாருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். உடுவிலிலே படித்து, பல ஊர்களிலே ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தென்மராட்சியில் ஒரு சைவக் குடும்பத்தின் தாழ்வாரத்தில் மாதக்கணக்காக இருந்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர். எம்மைக் கண்டதும், "வாங்கோ தம்பி, பிள்ளையளையும் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு எனக்குத் தெரியும். மச்சம் இல்லை. சட்டி பானையும் வேறைதான், ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ" என்றார்.

கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், தயிர். இலை போட்டபின் ஆச்சி கண்களை மூடிக்கொண்டார். மாணாக்கர் சோற்றிலிருந்து கையை எடுத்தனர். வாய்க்குள்ளே சொன்னாராயினும் அமைதியாயிருந்தமையாற் கேட்டது. உணவுக்காக நன்றி சொன்னார். வந்த பிள்ளைகளின் பரீட்சைக்காகக் கேட்டார். அடுத்த வீட்டுக்காரரின் மகளுக்குப் பொருந்தி வந்திருக்கும் சம்பந்தம் குழம்பாமல் நிறைவேற வேண்டும் என்று கேட்டார். கன்று ஈன இருக்கும் மாட்டுக்காகவும் கேட்டார். அடுத்த வீட்டார் மருதடிப் பிள்ளையாரின் அடியார்கள். மாடும் அவர்களுடையதே என்று நண்பர் பின்னர் சொன்னார். வேதவிளக்கம் ஒன்றும் அச்செபத்தில் இல்லை. கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்று சொல்வது யாது என மாணாக்கர் கேட்டிருந்தால் நூல்களைப் புரட்டி ஏதேனும் விடை சொல்லியிருப்போம், அவர்கள் கேட்கவில்லை. அவர்களிலொருவன் இரண்டாம் முறை குழம்பு கேட்டான்.

கை கழுவப் போனபோது அடுப்படி மூலையிலே மூடியிட்ட மண்பானை ஒன்றைக் கண்டு, அது என்ன என்று வினவினான் சிறியவன். பிடியரிசிப் பானை. உலையிலிட அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை அதிலே போட்டு, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொடுப்பது. அங்கிருந்து அது இல்லாதவர்களுக்குப் போகும். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே கைக்கொண்ட வழக்கம் இது. எமது சைவ வீடுகளிலும் அன்னதானத்துக்கென்று பிடியரிசி எடுப்பதுண்டு. ஆயின் எமது வீட்டுப் பானை எங்கே போயிற்றென்று வீட்டிற் கேட்டால்தான் தெரியும்.

"இண்டைக்கும் போட்டனீங்களோ, ஆச்சி?" என்று சிறியவன் விடாமற் கேட்டான்.

ஆச்சி மூடியைத் திறந்து காட்டினார். "பத்துப் பேருக்கெல்லோ உலை வைச்சனான். இண்டைக்கு ரெண்டு பிடி."