பாரம் சுமந்து போகும் வண்டிகள்

பொழுதுபோக்கு என்றதும் அஞ்சல் தலை சேகரித்தல், பழைய நாணயம் திரட்டுதல், பூந்தோட்டம் வளர்த்தல் ஆகியவையே நம் நினைவில் எழும். இவை மதிப்பிற்குரியவை, வீட்டிற்கு வரும் விருந்தினரிடம் பெருமையோடு காட்டத் தக்கவை. ஆனால், சாலையில் போகும் லாரிகளையும் மண் தோண்டும் எந்திரங்களையும் நின்று பார்ப்பதும், பார்த்தவற்றைக் குறித்து வைப்பதும் ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். சொல்பவர் குருவானவராகவும் இருந்துவிட்டால் அப்புன்னகை இன்னும் சற்று விரியும். அதற்கு நாம் அஞ்சுவதில்லை. முப்பது ஆண்டுகளாக நமக்கு இப்பழக்கம் உண்டு. பணியாற்றிய பங்குகளில் பெரும்பாலானவை நெடுஞ்சாலையை ஒட்டியவை. பார்க்காதிருக்க வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

இது நம் நாட்டில் மட்டும் காணப்படும் கிறுக்கு என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் கம்பிரியா என்னும் வட பகுதியைச் சேர்ந்த எட்டி ஸ்டோபார்ட் லாரி நிறுவனத்தார், தம் வண்டி ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பெண்ணின் பெயரை எழுதி வைத்தனர். முதல் நான்கு பெயர்களும் புகழ்பெற்ற அழகியொருத்தி, பாடகியர் மூவர் ஆகியோருடையவை. நெடும்பயணம் போகும் குடும்பங்கள் காருக்குள்ளிருந்தே அப்பெயர்களை எண்ணத் தொடங்கின. பிள்ளைகள் கையசைத்தால் கழுத்துப்பட்டை கட்டிய ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திப் பதில் வணக்கம் சொல்லுவார். நாளடைவில் இருபதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த ஒரு ரசிகர் மன்றமே அங்கே உருவாயிற்று. லாரிக்கு ரசிகர் மன்றம்! திரைப்பட நடிகருக்கு மன்றம் வைத்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

நம் லாரிகளுக்குப் பெயர் இல்லாமலா போயிற்று? ‘புனித அந்தோனியார் துணை’, ‘ஆரோக்கிய மாதா’, ‘முருகன் துணை’, ‘786’ என்று நெற்றியில் எழுதாத வண்டி அரிது. பின்புறத்தில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கடைசிப் பெயர் மட்டும் புதிய வண்ணத்தில் இருந்தால், அவ்வீட்டில் அண்மையில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று பொருள்.

லாரி பார்ப்பவனுக்கு முதற்பாடம் அச்சுகளை எண்ணுதல். முன்னே இரண்டு, பின்னே நான்கு என ஆறு சக்கரங்கள் இருந்தால் ஈரச்சு வண்டி. பத்துச் சக்கரம் என்றால் மூன்று அச்சு. பன்னிரண்டு என்றால் நான்கு. காலியாகத் திரும்பும் சில பெரிய லாரிகள் ஓர் அச்சைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருக்கும். டயர் தேய்வதைக் குறைக்கவே அந்த ஏற்பாடு. பாரம் ஏற்றிய வண்டியைக் கண்டறிவதும் எளிதே. பட்டை வில்கள் வளைவு நீங்கி நேராகியிருக்கும். டயரின் அடிப்பகுதி பிதுங்கியிருக்கும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் முனகும் ஓசையே வேறு. மயிலிறகையும் வண்டியச்சையும் வைத்து வள்ளுவர் சொன்னதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அச்சுப் பளு என்பது புதிய செய்தியன்று.

இரண்டாம் பாடம் எண்களை வாசித்தல். டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு 1954-இல் கூட்டுச் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கிற்று. ஒப்பந்தம் 1969-இல் முடிந்தபோது முகப்பிலிருந்த மூன்றுமுனை நட்சத்திரம் மறைந்தது. எண்ணிடும் முறையோ நிலைத்துவிட்டது. 1210 என்றால் முதலிரு இலக்கம் வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை, ஏறத்தாழ 12 டன். பின்னிரு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் 100 குதிரைத்திறன். 1612 என்றால் 16 டன், 120 குதிரைத்திறன். 2018-இல் மத்திய அரசு அச்சுக்குரிய எடை வரம்பை உயர்த்தியது. 25-இல் தொடங்கிய மூன்றச்சு வண்டிகளின் எண்கள் அதன் பின்னர் 28-இல் தொடங்கலாயின. அரசாணை ஒன்று லாரியின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருப்பதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

மக்கள் சூட்டும் பெயர்களோ இன்னும் சுவையானவை. பத்துச் சக்கர லாரி எந்த நிறுவனத்தின் படைப்பாயினும் நம் ஊரில் அது ‘டாரஸ்’தான். எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் நிறுவனம் தன் வண்டியொன்றுக்கு வைத்த பெயர் அது. ஓர் இனத்துக்கே பெயராகிவிட்டது. இவ்வாறே, சங்கிலிப் பட்டையில் நகர்ந்து மண் தோண்டும் எந்திரத்தைச் செய்தித்தாள்களும் ‘பொக்லைன்’ என்றே எழுதுகின்றன. பொக்லைன் என்பது பிரெஞ்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். அவர்களுடைய எந்திரங்களை லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தார் உரிமம் பெற்று இந்தியாவில் செய்தனர். அப்பெயர் தாங்கிய புதிய எந்திரம் இன்று நம் சாலைக்கு வருவதில்லை. ஆயினும் தமிழில் அந்தப் பெயர் சாகவில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளை அறியாதார் யார்? துளையிடும் எந்திரம் ஒரு லாரியிலும், காற்றழுத்த எந்திரமும் குழாய்களும் இன்னொன்றிலுமாக அவை இணையாகவே செல்லும். சித்திரை, வைகாசியில் அவற்றை எண்ணுவதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். எண்ணிக்கை கூடினால் எங்கேயோ கிணறுகள் வற்றிவிட்டன என்று அறியலாம்.

எல்லாவற்றினும் கம்பீரமானது, திருச்சி திருவெறும்பூரில் உள்ள ‘பெல்’ தொழிற்சாலையிலிருந்து அனல் மின் நிலையங்களுக்குக் கொதிகலன் உறுப்புகள் செல்லும் காட்சி. நூறு டன்னுக்கு மேற்பட்ட உருளையை வரிசை வரிசையான அச்சுகள் கொண்ட டிரெய்லர் தாங்கும். ஒவ்வோர் அச்சு வரிசையிலும் எட்டு டயர்கள். அச்சுகளுக்கு மேலுள்ள ஹைட்ராலிக் உருளைகள் ஒன்றோடொன்று குழாயால் இணைந்திருப்பதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் அதன் பாரத்தைப் பிற சக்கரங்கள் பகிர்ந்துகொள்ளும். முன்னே இழுவை வண்டி மெல்ல ஊர்கிறது. பக்கத்தில் பணியாளர் நடந்து வருகின்றனர். மின்கம்பி தாழ்ந்த இடத்தில் ஒருவர் நீண்ட கழியால் அதை உயர்த்திப் பிடிக்கிறார். அவ்வளவு பெரிய பாரம் மனிதர் நடக்கும் வேகத்தில் நகர்வதைப் பார்க்க, மறைக்கல்வி வகுப்பைப் பத்து நிமிடம் முன்னதாக முடித்ததும் உண்டு.

இவற்றையெல்லாம் நாம் பார்ப்பது ஆலய வளாகத்துச் சுவருக்கு உட்புறமிருந்துதான். சாலையோரத்தில் நிற்கக் கூடாது, ஒலிப்பான் அடிக்கும்படி ஓட்டுநரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்னும் இரண்டு விதிகளைச் சிறுவர்களுக்கு விதித்திருக்கிறோம். நாலைந்து சிறுவர் தவறாமல் வருவர். அவருள் ஒருவன் எட்டாம் வகுப்பு மாணவன்; கோடு போட்ட நோட்டு ஒன்றில் நாள், நேரம், எண், சக்கரம், சரக்கு எல்லாம் எழுதி வைப்பவன். ஒருநாள் அவன் தாய் அறைவீட்டுக்கு வந்தார்.

“சாமி, நீங்களே இப்படிச் செல்லம் குடுத்தா எப்படி? அவங்க அப்பா மாதிரி இவனும் ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு ஊர் ஊராத் திரியணுமா?”

தந்தை நாக்பூர் வழியில் லாரி ஓட்டுபவர். மாதத்தில் நான்கைந்து நாள்களே வீட்டில் இருப்பார். பாரத்தோடு போகையில் நம் ஊரில் நிற்க நேரமிராது. ஆலயச் சுவரைக் கடக்கும்போது மூன்று முறை ஒலிப்பானை அழுத்திவிட்டுப் போய்விடுவார். நோட்டில் எத்தனையோ வண்டிகள் இருந்தாலும், பையன் காத்து நிற்பது அந்த ஒரு வண்டிக்காக என்பது பின்னரே நமக்குப் புரிந்தது. தாய்க்கு அது முன்பே தெரியும். தெரிந்துதான் அஞ்சினார். “படிப்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டான், அம்மா” என்று சொல்லியனுப்பினோம். அவர் கேட்டது படிப்பைப் பற்றியன்று. அக்கேள்விக்குரிய விடை இன்றும் நம்மிடம் இல்லை.

எந்திரங்களில் நமக்குள்ள ஈடுபாட்டின் உச்சம் நெய்வேலி. 1957-இல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த அந்தச் சுரங்கத்தில் 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. சுழலும் பெரிய சக்கரத்தின் விளிம்பில் வாளிகளைப் பொருத்திய வெட்டு எந்திரங்களே அங்கு மண்ணை அகற்றுகின்றன. அவற்றுள் பெரியவற்றின் வாளி ஒவ்வொன்றும் 1400 லிட்டர் கொள்ளும். வீட்டுக் குடத்தால் அளந்தால் தொண்ணூறு குடத்துக்கும் மேல். வெட்டிய மண் நாடா வழியே போய்த் தொலைவில் மலையாகிறது. அடியிலிருந்து நீர் பொங்காதபடி இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கின்றனர். பார்த்தவர் எவருக்கும் அது மறக்காது. நம் வீட்டில் எரியும் விளக்கில் நெய்வேலிக்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், 2023 ஜூலையில் கடலூர் மாவட்டத்து வளையமாதேவியிலிருந்து வந்த படங்களையும் நாம் பார்த்தோம். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகப் பச்சை நெல் வயலுக்குள் பொக்லைன்கள் வரிசையாக இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்க நிறுவனம். அறுவடை வரையில் பொறுக்கக் கூடாதா என்றனர் உழவர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. பயிருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ஆணை பிறந்தது. சட்டத்தின் நியாயத்தை அறிந்தோர் பேசட்டும். நாம் சொல்ல விரும்புவது வேறு. எந்திரத்தின் எடையையும் குதிரைத்திறனையும் எண்ணத் தெரிந்தவனுக்கு, அதன் சங்கிலிப் பட்டையின் கீழ் என்ன இருக்கிறது என்பதும் கண்ணில் படத்தான் வேண்டும். படவில்லையெனில் அவன் பார்ப்பது பொம்மையை. அந்தப் படங்களைச் சிறுவர்களிடம் காட்டினோம். எந்திரத்தின் பெயரை முதலில் சொல்லத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் பங்கின் வழியே செல்லும் சாலையை அகலப்படுத்தினர். ஒரு பாட்டியின் வீட்டு முன்பாதி போக வேண்டியதாயிற்று. பணம் கிடைத்துவிட்டது, பின்பாதியில் சுவர் வைத்துக் குடியிருக்கவும் வழி இருந்தது. எந்திரம் வந்த காலையில் பாட்டி நம்மிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “சாமி, நிலையை மட்டும் உடைக்காம எடுக்கச் சொல்லுங்க. அவுக கையால வச்ச நிலை.” கணவர் தச்சர், தேக்கில் இழைத்து, மேற்கட்டையில் ஒரு சிலுவையும் செதுக்கியிருந்தார்.

ஓட்டுநர் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு இந்தி வராது. நிலையைத் தொட்டுக் காட்டி, பாட்டியைக் காட்டி, கையால் மெல்லத் தூக்கிக் காட்டினோம். அவர் எஞ்சினை நிறுத்தி இறங்கி வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். மேற்கட்டைக்கு மேலிருந்த செங்கல்லை விரலால் தட்டினார். பின்னர் ஏறி அமர்ந்தார்.

இத்தகைய எந்திரத்தில் ஓட்டுநரின் இரு கைகளிலும் இரண்டு நெம்புகோல்கள். பெருங்கையை உயர்த்துதல், சிறுகையை நீட்டுதல், வாளியை மடக்குதல், உடலைத் திருப்புதல் ஆகிய நான்கு அசைவுகளும் அவற்றுள் அடங்கும். நான்கையும் கலந்து செய்வதில்தான் தேர்ச்சி தெரியும். இருபது டன் எடையுள்ள அந்த எந்திரம் வாளியின் ஒற்றைப் பல்லால், பாட்டி அரிசியில் கல் பொறுக்குவது போல, செங்கற்களை ஒவ்வொன்றாகத் தள்ளிற்று. மேற்கட்டை விடுபட்டதும் வாளியில் கயிறு கட்டி நிலையை இரு பக்கமும் பிணைத்தனர். கை உயர்ந்தது. காரை உதிர நிலை முழுதாக எழும்பி, சற்றே ஆடி, அரைவட்டமாகத் திரும்பி, பாட்டி காட்டிய வேப்ப மரத்தில் சாய்ந்து நின்றது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேற்பார்வையாளர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். ஓட்டுநர் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

பாட்டி உள்ளே போய் ஒரு சொம்பு மோரோடு வந்தார். இளைஞர் குடித்துவிட்டு, நிலையிலிருந்த சிலுவையைத் தொட்டுத் தம் நெற்றியில் அடையாளமிட்டுக்கொண்டார். நம்மவர்தாம் என்று அப்போதே அறிந்தோம். பெயரைக் கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்கு எந்திரம் நகர்ந்துவிட்டது.

அந்த நிலை இப்போது வீட்டின் புதிய சுவரில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையனின் நோட்டில் அன்றைய பக்கத்தை மறுநாள் பார்த்தோம். எந்திரத்தின் எண், எடை, நிறம் எல்லாம் வழக்கம்போல் இருந்தன. சரக்கு என்னும் இடத்தில் ‘நிலை, 1’ என்று எழுதியிருந்தான்.